பத்துப் பேர் கேட்க வேண்டும்

சென்ற வாரம் பழைய அலுவலக நண்பர் ஒருவர் பேத்தியின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அழைக்க வந்திருந்தார். பத்திரிகை ஒரு சிறு பெட்டிக்குள் இருந்தது. திறந்தால் மேலே முந்திரி, பாதாம். கீழே பேத்தியின் படம் போட்ட தடித்த அட்டை. மேடை அலங்காரத்துக்கும் வீடியோவுக்கும் ஆகும் செலவை அவரே சொன்னார். பெருமையாக ஆரம்பித்தவர் பெருமூச்சோடு முடித்தார். "அந்தப் பிள்ளை அன்றைக்கு என்ன செய்யும்?" என்று கேட்டேன். "என்ன செய்யும்? உட்கார்ந்திருக்கும்" என்றார்.

இந்தப் பதிலை நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னதற்காக இன்னும் வருந்துகிறேன். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் சுற்றி, பிரான்சு வழியாக வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை, 90 நாள் விசாவில், மகள் வீட்டில் தங்கியிருந்தேன். பாரீசுக்கு வடக்கே சார்செல் என்ற ஊர். புதுச்சேரிக்காரர்கள் பலருக்குத் தெரிந்த பெயர்தான். நம் ஊர் சொல்தா குடும்பங்களில் ஒன்றிரண்டாவது அங்கேயோ அடுத்த ஊரான கார்ழிலோ இருக்கும். 1950-களின் நடுவில் கட்டத் தொடங்கிய பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள். நம்மவர்கள், ஈழத்தமிழர்கள், ஆப்பிரிக்கர்கள், அராபியர்கள் என்று எல்லோரும் அங்கே உண்டு. யூதர்களும் மிக அதிகம். பெரும்பாலும் அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோவிலிருந்து வந்தவர்கள்.

மகள் வீடு நான்காவது மாடியில். போய் இறங்கிய முதல் சனிக்கிழமை, எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றி, படிப்படியாக நின்று நின்று ஏறி வந்துகொண்டிருந்தார். மின்தூக்கி வேலை செய்யவில்லையோ என்று பிரெஞ்சில் கேட்டேன். "வேலை செய்கிறது முசியே. இன்று சனிக்கிழமை, நான்தான் வேலை செய்வதில்லை" என்றார். யூதர்களின் ஓய்வு நாளில் மின்சாரப் பொத்தானை அழுத்தக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. என் பிரெஞ்சைக் கேட்டு அவருக்கு ஆச்சரியம். ஒரு இந்தியக் கிழவன் எங்கே இந்த மொழியைப் படித்தான் என்று விசாரித்தார். அன்றிலிருந்து பழக்கம்.

அவர் வீட்டிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு ஒரு பையனின் குரல் கேட்கும். ஒரே வரியை ராகம் போட்டு இழுப்பான், நிறுத்துவான், திரும்ப இழுப்பான். தண்டனை கொடுத்திருக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அவருடைய பேரனுக்கு ஜூன் மாதம் 13 வயது முடிகிறது. பார் மிட்ஸ்வாவுக்குத் தயாராகிறான்.

நம் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பார் மிட்ஸ்வா என்றால் கட்டளையின் மகன், அதாவது கட்டளைகளுக்கு உட்பட்டவன் என்று பொருள். யூதர்களின் மரபில் ஆண்பிள்ளைக்கு 13 வயது நிரம்பிவிட்டால் மதக் கடமைகளில் அவன் பெரியவன். விழா செய்தாலும் செய்யாவிட்டாலும் பெரியவன்தான். ஆனால் அதையொட்டி ஒரு வேலையை அவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். சினகோக் என்று சொல்லும் ஜெபக்கூடத்தில், சனிக்கிழமை காலை, சபை முழுவதும் கூடியிருக்கும்போது, தோரா என்ற வேதச் சுருளிலிருந்து அந்த வாரத்துக்குரிய பகுதியை அவன் வாசிக்க வேண்டும். தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து ஓராண்டில் வாசித்து முடிக்கிறார்கள். பையன் பிறந்த நாள் எந்த வாரத்தில் விழுகிறதோ அந்த வாரத்துப் பகுதி அவனுடையது. எளிதாக இருக்கிறதே என்று வேறொன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது வழக்கமில்லை.

வாசிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். பெரியவர் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்துக்கு இரண்டு பத்தி. ஒன்றில் எழுத்துகளின் கீழும் மேலும் புள்ளிகளும் கோடுகளும் இருந்தன. உயிரொலிக்குச் சில, ராகத்துக்குச் சில. மற்றதில் வெறும் எழுத்து மட்டும். ஜெபக்கூடத்துச் சுருள் அந்த இரண்டாவது பத்தி மாதிரிதான் இருக்குமாம். தோலில் கையால் எழுதியது; உயிர்க்குறி இல்லை, ராகக்குறி இல்லை, வாக்கியம் முடிவதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. முதல் பத்தியைப் பார்த்து மனப்பாடம் செய்து, இரண்டாவதைப் பார்த்து வாசிக்கப் பழக வேண்டும். நம் ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது என்பார்களே, அதைப்போல. சுவடியில் காலும் கொம்புமாவது உண்டு. இதில் அதுவும் இல்லை.

அந்தப் பையனின் வாரத்துப் பகுதியில் ஒரு கதை வருகிறது. மோசே, கானான் நாட்டை வேவு பார்த்து வர 12 பேரை அனுப்புகிறார். ஒரு குலத்துக்கு ஒருவர். திரும்பி வந்தவர்களில் பத்துப் பேர் "அங்கிருப்பவர்கள் பூதம்போல இருக்கிறார்கள், நம்மால் முடியாது" என்று சபையின் மனதை உடைத்துவிடுகிறார்கள். இரண்டு பேர் மட்டும் முடியும் என்கிறார்கள். பையனுக்கு வந்தது கதையின் ஆரம்பம், 20 வசனங்கள். அதில் பாதிக்கு மேல் அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர்ப் பட்டியல். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகன் இன்னார் என்று போகும். மகன் என்பதற்கு எபிரேய மொழியில் பென். பதினொரு பெயருக்கும் பென்தான். ஹோஷேயா என்பவருக்கு மட்டும் பின். உயிர்க்குறி இல்லாத சுருளில் பென்னும் பின்னும் ஒரே மாதிரிதான் தெரியும். "எல்லாப் பையன்களும் வழுக்குகிற இடம் அது" என்றார் பெரியவர். "நானும் வழுக்கினேன்."

அப்படித்தான் அவர் கதையும் வெளியே வந்தது. அவருக்கும் அதே வாரத்துப் பகுதிதான். அல்ஜீரியாவில் கான்ஸ்டான்டீன் நகரத்தில், 1962 ஜூன் கடைசியில் அவர் வாசித்திருக்க வேண்டும். ஒரு வருடம் படித்தாயிற்று. ஜூலையில் அல்ஜீரியா சுதந்திர நாடாகப் போகிறது; ஜூனில் பிரெஞ்சுக் குடிகள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறுகிறார்கள். அல்ஜீரிய யூதர்களுக்கு 1870-இலேயே பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அதைப் பறித்தார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே அவர்களும் கிளம்பினார்கள். வீட்டுக்கு இரண்டு பெட்டி. மார்செய் துறைமுகத்தில் இறங்கி, தங்க இடம் தேடி, அவர் அப்பாவுக்கு வேலை கிடைப்பதற்குள் அந்தச் சனிக்கிழமை போய்விட்டது. 13 வயது ஆனது ஆனதுதான். ஆனால் வாசிக்கவில்லை.

நான் என் கதையைச் சொன்னேன். அதே 1962, ஆகஸ்ட் 16. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. எனக்கு அப்போது 14 வயது. பிரெஞ்சுப் பள்ளியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லா ஃபோந்தேனின் கதைப்பாடல்களை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். என் தமிழ் பிற்பாடு வேலைக்கு வந்து கோப்புகளில் கற்ற தமிழ். நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் இரண்டு துறைமுகங்களில் நின்றவர்கள். அவர் கப்பல் ஏறினார், நான் ஏறவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கோப்பை புதினாத் தேநீர் ஊற்றினார்.

இந்த நேரத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு விசேஷம். என் பேத்தி அந்த வசந்தத்தில் பெரியவளானாள். மே மாதம் மண்டபம் பிடித்து விழா. பாரீசைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சுமார் முந்நூறு பேர். மூன்று புடவை, மூன்று அலங்காரம், வாழைமரம் கட்டிய வாசல், வீடியோக்காரர் சொல்கிறபடி மாலையைத் தொட்டுப் பார்த்து ஒரு சிரிப்பு, வளையலைத் தொட்டுப் பார்த்து ஒரு சிரிப்பு. விழாவுக்கு முதல்நாள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "தாத்தா, நான் அங்க என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா, உட்கார்ந்தா போதும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எதிர்வீட்டிலிருந்து அந்தப் பையனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. என் பதில் எனக்கே உறுத்தியது.

விழாவை நான் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை பதினைந்து வருடமாக மற்றவர்கள் வீட்டில் மொய் எழுதியவர். சொந்தபந்தம் கூட ஒரு நாள் வேண்டும் என்பது அவர் நியாயம். தாய்மாமன் சீர் வைத்தபோது என் மகன் கண் கலங்கியதைப் பார்த்தேன். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் முந்நூறு பேர் அந்தக் குழந்தையைப் பார்த்தார்கள். ஒருவர்கூட அவள் ஏதாவது செய்வதைக் கேட்கவோ எதிர்பார்க்கவோ இல்லை. அவளை வைத்து நாங்கள் விழா செய்தோம். விழாவில் அவளுக்கு வேலை இல்லை.

ஜூன் மாதம் எங்களை எதிர்வீட்டுக்காரர் ஜெபக்கூடத்துக்கு அழைத்தார். வாசலுக்கருகே துப்பாக்கியுடன் ராணுவ வீரர்கள். 2014 ஜூலையில் அந்த ஊரில் நடந்த கலவரத்தில் யூதர் கடை ஒன்றை எரித்திருக்கிறார்கள். 2015 ஜனவரியில் பாரீசில் நடந்த கொலைகளுக்குப் பிறகு நாடு முழுவதும் யூத ஆலயங்களுக்கு ராணுவக் காவல் போட்டார்கள். அந்தப் பையன் தெருவில் நடக்கும்போது தலையில் உள்ள சிறு குல்லா தெரியாமல் மேலே விளையாட்டுத் தொப்பி போட்டுக்கொள்வான். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்தான். எனக்கும் ஒரு குல்லா கொடுத்தார்கள். பெண்களுக்கு மேலே தனி மாடம். மகளும் பேத்தியும் அங்கே போய்விட்டார்கள். ஓய்வு நாள் என்பதால் படம் எடுக்கக்கூடாது. கைபேசி, காமிரா எதுவும் இல்லை.

பையனை மேடைக்கு அழைத்தார்கள். கை வடிவத்தில் நுனி செய்த வெள்ளிக் குச்சி ஒன்றைக் கொடுத்தார்கள். தோலை விரலால் தொடாமல் அதைக்கொண்டு வரியைச் சுட்டி வாசிக்க வேண்டும். ஆரம்பித்தான். குரல் உடைகிற வயது. மேல் ஸ்தாயியில் ஒருமுறை கீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பெயர்ப் பட்டியல் வந்தது. எனக்கு எபிரேயம் தெரியாது. ஆனால் மூன்று மாதம் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டதில் அந்த இடம் மட்டும் காதில் பதிந்திருந்தது. ஹோஷேயா பின் நூன். சரியாகச் சொல்லிவிட்டான். நான் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகு, கடைசிப் பக்கத்தில் ஒரு பெயரில் தடுக்கி விழுந்தான். உடனே நாலு பக்கத்திலிருந்தும் சரியான சொல் வந்தது. முன்வரிசைக் கிழவர், தூணருகே நின்றவர், கைக்குழந்தையோடு இருந்த இளைஞர். பையன் நிறுத்தினான், திரும்பச் சொன்னான், மேலே போனான்.

எனக்கு அங்கே இரண்டு விஷயங்கள் புரிந்தன. ஒன்று, அவர்கள் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் புத்தகம், விரல் வரியின்மேல். இரண்டாவது, அந்த வாசிப்பு அவர்களுக்குத் தேவையாக இருந்தது. அது பள்ளி ஆண்டுவிழாவில் பாட்டுப் பாடுவது போன்றதல்ல. அந்த வாரத்துப் பகுதியை யாராவது வாசித்தே ஆகவேண்டும். அன்றைக்கு அந்த வேலை அவனுடையது. நான் லா ஃபோந்தேனை ஒப்பித்தபோது தப்பு விட்டால் எனக்கு மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். இவன் தப்பு விட்டால் சபை நிறுத்தித் திருத்தும், ஏனென்றால் சபைக்கு அது சரியாக வேண்டும். பெரியவனாக நடத்துவது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு பையனின் தகப்பனார் ஒரு சிறு வாசகம் சொன்னார். இவனுடைய பொறுப்பிலிருந்து என்னை விடுவித்தவருக்கு ஸ்தோத்திரம் என்று அதற்கு அர்த்தமாம். பெற்றவன் சபை நடுவில் இப்படிச் சொல்வதைக் கேட்டபோது முதலில் கொஞ்சம் கடுமையாகத் தோன்றியது. யோசித்தால், இனி உன் தப்பு உன்னுடையது என்று சொல்வதைவிடப் பெரிய மரியாதையை ஒரு பிள்ளைக்கு யார் கொடுக்க முடியும்? அது முடிந்ததும் மேல் மாடத்திலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள், நம் ஊர்க் குலவையேதான். சர்க்கரை பூசிய பாதாம் மழையாக விழுந்தது. ஒன்று என் மூக்குக் கண்ணாடியில் பட்டது. எறிந்தவள் என் பேத்தி என்று பிறகு ஒப்புக்கொண்டாள்.

அங்கே எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. மறுநாள் ஞாயிறு மாலை அவர்களும் மண்டபம் எடுத்தார்கள். காது கிழியும் பாட்டு, மூன்றடுக்கு கேக். பெரியவரே செலவைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார், என் நண்பரைப் போலவே. பார் மிட்ஸ்வா முடிந்ததும் ஜெபக்கூடத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பையன்களும் உண்டு என்றார். வாசித்ததில் பாதிக்கு மேல் பையனுக்கு அர்த்தம் முழுசாகத் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை.

இன்னொரு குறையை என் பேத்திதான் கண்டுபிடித்தாள். "தாத்தா, பொண்ணுங்க படிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். பெண்ணுக்கு 12 வயதிலேயே பொறுப்பு வந்துவிடுகிறது. ஆனால் அந்த ஜெபக்கூடத்தில் சுருளை வாசிப்பது ஆண்கள் மட்டும். வேறு பிரிவு யூதர்களிடம் இது மாறிவிட்டது. 1922-இல் நியூயார்க்கில் மொர்தெகாய் கப்லான் என்ற மதகுரு, தன் 12 வயது மகள் ஜூடித்தைச் சபை முன்னால் வேதப் பகுதி வாசிக்க வைத்தார். இன்று பல ஜெபக்கூடங்களில் பெண்கள் வாசிக்கிறார்கள். இதை நான் அவளிடம் சொன்னேன். "அப்ப நான் எதைப் படிக்கறது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஊர் திரும்புவதற்கு முன் பெரியவரிடம் ஒன்று கேட்டேன். "56 வருடம் ஆகிவிட்டதே, இப்போதாவது நீங்கள் அந்தப் பகுதியை ஒருநாள் வாசிக்கக்கூடாதா?" அவர் யோசித்துவிட்டு இப்படிச் சொன்னார். சுருளை எடுத்து வாசிக்கப் பெரியவர்கள் பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ஒன்பது பேர் எவ்வளவு பெரிய படிப்பாளிகளாக இருந்தாலும் முடியாது. அந்தப் பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? இதே பகுதியில் வருகிற, தைரியம் இழந்து திரும்பிய அந்தப் பத்துப் பேரை வேதம் சபை என்று அழைக்கிறது, அதிலிருந்துதான் எடுத்தார்கள். "வீரர்கள் பத்துப் பேர் வேண்டாம் முசியே. வந்து உட்கார்கிற பத்துப் பேர் போதும். எனக்கு அந்த வேலை கிடைத்தது. தினமும் ஏழு மணிக்கு அதைத்தான் செய்தேன்." அவருடைய கான்ஸ்டான்டீன் ராகம் வேறாம், பேரனுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த ராகம் வேறு. பையன் குழம்புவான் என்று தன் ராகத்தை ஒருநாளும் அவன் எதிரில் பாடவில்லை. பால்கனியில் தனியாக நிற்கும்போது முணுமுணுப்பதை நான் கேட்டிருக்கிறேன்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பிறப்பு, இறப்புப் பதிவில் வேலை பார்த்தவன். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எத்தா சிவில் முறையில் பிறப்பு, திருமணம், இறப்பு என்று மூன்று பதிவேடுகள். ஒருவர் பெரியவரானதற்குப் பதிவேடு கிடையாது. அரசாங்கம் 18 வயது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளும். மற்றதை வீடும் ஊரும்தான் பார்க்க வேண்டும்.

நம்மிடம் அந்த வழக்கம் இல்லாமல் இல்லை. நம் ஊர்க் கிறிஸ்தவக் குழந்தைகள் புதுநன்மைக்கு மாதக்கணக்கில் மந்திரம் படிக்கிறார்கள். காரைக்காலில் முஸ்லிம் வீடுகளில் பிள்ளை குர்ஆன் ஓதி முடித்தால் அது ஒரு விசேஷம். பூணூல் போட்டால் சந்தியாவந்தனம் கற்றாக வேண்டும் என்று இருந்தது. இப்போது பல வீடுகளில் கல்யாணத்துக்கு முதல்நாள் இரண்டையும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். வேலை கழன்று விழுந்துவிட்டது, விழா மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. என் கருத்து இதுதான்: பெரியவனாக, பெரியவளாக ஆகும் பிள்ளைக்கு, தப்பு விட்டால் தெரிகிற ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். அது நமக்கு உண்மையிலேயே தேவைப்படுகிற வேலையாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்த வேலையைக் கேட்டுக்கொண்டு உட்காரக் கிழவர்களாகிய நாம் இருக்க வேண்டும்.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியவில்லை என்று கடற்கரையில் நடக்கும்போது எத்தனை பேர் புலம்புகிறோம்! தினமும் ஏழு மணிக்கு எத்தனை பேர் உட்கார்ந்தோம்? நான் உட்காரவில்லை. அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றவர்களைச் சொல்ல எனக்கு வாய் வருகிறது.

பேத்தியின் கேள்விக்குப் பதில் பிறகு கிடைத்தது. என் மனைவி, மகள் கல்யாணமாகிப் பிரான்சு போன 1999-லிருந்து அவளுக்கு எழுதிய கடிதங்கள் சார்செலில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. மொத்தம் எண்பத்தேழு. மனைவி 2011-இல் காலமானாள். அந்தக் கடிதங்களை வாசிக்க அந்த வீட்டில் என் மகளை விட்டால் ஆள் இல்லை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில், இருபது நிமிடம், பேத்தி ஒரு கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. எழுத்தை அவள் அம்மா சொல்லிக்கொடுப்பாள். கேட்பது என் வேலை.

முதல் இரண்டு மாதம் கெடுத்தேன். அலுவலகப் புத்தி. ஒவ்வொரு ரகர றகரத்துக்கும் நிறுத்தினேன். ஒரு ஞாயிறு அவளுக்குத் தலைவலி, அடுத்த ஞாயிறு பரீட்சை; அப்படியே ஒரு மாதம் அழைப்பே இல்லை. எதிர்வீட்டுப் பெரியவரோடு தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன். "எங்கள் சபையில் எல்லாத் தப்பையும் திருத்துவதில்லை. அர்த்தம் மாறினால்தான் திருத்துவோம்" என்றார். அன்றிலிருந்து அதுவே எனக்கும் சட்டம். மழை என்பதை மலை என்று வாசித்தால் நிறுத்துவேன், ஏனென்றால் புதுச்சேரியில் மலை பெய்வதில்லை. கூறைப் புடவை கூரைப் புடவையானால் நிறுத்துவேன். மற்றதெல்லாம் போகட்டும்.

அவள் பாட்டி ஒன்றும் எழுத்தாளர் இல்லை. வஞ்சிரம் என்ன விலை, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, பிரசவத்துக்குப் பிறகு பூண்டுக் குழம்பு எப்படி வைப்பது என்றுதான் இருக்கும். 2006-இல் எழுதிய ஒன்றில், வயிற்றில் இருக்கும் குழந்தை இந்தப் பக்கம் உதைத்தால் பெண், அந்தப் பக்கம் உதைத்தால் ஆண் என்று எழுதியிருந்தாள். வாசித்துக்கொண்டே வந்த பேத்தி, உதைத்தது தான்தான் என்று தெரிந்து நிறுத்திவிட்டாள். நானும் ஒன்றும் பேசவில்லை.

2021-இல் மனைவியின் பத்தாம் ஆண்டுத் திதி. கொரோனா காலம், யாரும் வர முடியவில்லை. கைபேசியை மேசையில் சாய்த்து வைத்தோம். பேத்தி அங்கிருந்து ஒரு கடிதம் முழுவதையும் வாசித்தாள். இரண்டு இடத்தில் திருத்தினோம். ஒன்று நான், ஒன்று என் தங்கை. எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேர்தான் இருந்தோம். பரவாயில்லை.

பத்திரிகை கொண்டுவந்த நண்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "விழாவுக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். உங்கள் அம்மா பாடின பாட்டோ, குடும்பத்தில் நடந்த ஒரு கதையோ, உங்களுக்கு வேண்டியதாகப் பார்த்துக் கொடுங்கள். தினமும் இருபது நிமிடம் நீங்கள் கேளுங்கள்" என்றேன். "பார்க்கலாம்" என்றார். பத்திரிகைப் பெட்டியில் இருந்த முந்திரியை நானும் அவரும் சேர்ந்தே தின்று முடித்தோம். விழாவுக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.